டப்பாவில் அடைக்க முடியாத வாயு

ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் ஒரு பெரிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதிதாக ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். டப்பாவின் மேல் 'நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்' என்று கொட்டை எழுத்து. "மாமா, இதைக் குடிச்சா நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு வருமாம், நெஜமா?" என்றான். விலையைப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு மளிகை சாமான் வாங்கிப் போட்டுவிடலாம். அதே கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் சட்டைப்பையில் வேறொரு சரக்கு இருந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்த குட்டி மாத்திரை.

பையன் காசு கொடுத்துத் தேடுவதும், பெரியப்பா பையில் வைத்துக்கொண்டு திரிவதும் ஒரே வாயுவைத்தான். இரண்டு பேருக்கும் அது தெரியாது. தினமும் காலையில் பெரியப்பா போகிற நடையும் அதே வாயுவைத்தான் அவருக்குக் கொடுக்கிறது என்று சொன்னபோது, அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எப்படிடா?" என்றார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவன், அந்த ஆர்வம் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

இது எந்த வாயு?

பெயரிலேயே குழப்பம் வரும். பல் பிடுங்கும்போது கொடுக்கிற சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்சைடு, அது வேறு. நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. வண்டிப் புகையில் நிறைய இருக்கிறது. உடம்புக்குள் இதற்கு ஆயுள் சில நொடிகள்தான். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கும் முன்பே காலி. இப்படிப்பட்ட ஒரு நச்சு வாயுவை உடம்பு தானே தயாரித்து, ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்ல வைத்துக்கொள்கிறது என்று 1980-க்கு முன்னால் சொல்லியிருந்தால் எந்த ஆராய்ச்சியாளரும் நம்பியிருக்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவர்கள் அதற்கு நூறு வருடம் முன்பிருந்தே இதை நோயாளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கொடுக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. 1847-இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்பவர் நைட்ரோகிளிசரினைத் தயாரித்தார். நாக்கில் துளி வைத்துப் பார்த்தாலே மண்டை இடிக்கிறது என்று எழுதி வைத்தார். ஆல்ஃபிரட் நோபல் அதே பொருளைப் பக்குவப்படுத்தி 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல், இதே வெடிமருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் நெஞ்சுவலி அடங்குகிறது என்று எழுதினார். பிற்காலத்தில் நோபலுக்கே இதய நோய் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். விதியின் விளையாட்டைப் பாருங்கள், மருந்துக் கடைக்காரர் பயந்துவிடக் கூடாது என்று இதற்கு 'டிரைநைட்ரின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று 1896-இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பரிலேயே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார்.

டைனமைட் தொழிற்சாலைகளில் இன்னொரு கூத்து நடந்தது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்களுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். செவ்வாய், புதன் போகப் போக அடங்கிவிடும். காற்றில் கலந்திருந்த நைட்ரோகிளிசரின் முதல் நாள் ரத்தக்குழாய்களை விரித்துவிடும். பிறகு உடம்பு அதற்குப் பழகிவிடும். விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு, இரவில் சில மணி நேரம் மருந்தில்லாமல் டாக்டர்கள் இடைவெளி விட்டு எழுதிக் கொடுப்பது இதனால்தான். வெளியிலிருந்து கொடுக்கிற வாயுவுக்கு உடம்பு பழகிப்போய்விடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முயலின் ரத்தக்குழாயும் ஒரு சுரண்டலும்

1977-இல் அமெரிக்காவில் ஃபெரிட் முராட் என்பவர், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத்தான் ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்துகின்றன என்று கண்டுபிடித்தார். அது மருந்தின் கதை. உடம்பே அதைத் தயாரிக்கிறது என்கிற கதை புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் தொடங்கியது.

ஃபர்ச்காட்டுக்குப் பல வருடமாக ஒரு புதிர். அசிட்டைல்கோலின் என்கிற வேதிப்பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் ரத்தக்குழாய் விரிகிறது. அதே ரத்தக்குழாயை முயலிலிருந்து வெட்டி எடுத்து, பட்டையாக நறுக்கி, கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு அதே மருந்தை ஊற்றினால் சுருங்குகிறது. கடைசியில் குற்றவாளி நறுக்குகிற முறை என்று தெரிந்தது. நறுக்கும்போது குழாயின் உள்பக்கம் அங்கே இங்கே உரசி, உள்ளே ஒட்டியிருந்த ஒற்றைச் செல் படலம் சுரண்டிக்கொண்டு போய்விடுகிறது. அந்தப் படலத்துக்குப் பெயர் எண்டோதீலியம். குழாய்க்கு உள்ளே போட்ட வெறும் விரிப்பு என்றுதான் அதுவரை அதை நினைத்திருந்தார்கள்.

அவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. படலம் சுரண்டப்பட்ட பட்டை ஒன்று, படலம் உள்ள பட்டை ஒன்று. இரண்டையும் உள்பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி சேர்த்து வைத்தார். மருந்தை ஊற்றியதும், படலமே இல்லாத பட்டையும் தளர்ந்தது. அப்படியென்றால் படலம் உள்ள பட்டையிலிருந்து ஏதோ ஒன்று இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். 1980-இல் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாகச் சொன்னார்கள். 1987-இல் இக்னாரோவின் குழுவும், லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும் நிரூபித்தன. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவத்துக்கான பரிசு கிடைத்தது. யார் பெயரிலான பரிசு என்று சொல்லத் தேவையில்லை.

நடந்தால் என்ன நடக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. மூச்சு வாங்க ஓடும்போது அது 15, 20 லிட்டர் வரை போகும். அத்தனை ரத்தமும் அதே குழாய்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்போது ரத்தம் குழாயின் உட்சுவரை இழுத்துக்கொண்டு, தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. அந்த இழுப்பை எண்டோதீலியச் செல்கள் உணர்கின்றன.

உணர்ந்ததும் செல்லுக்குள் ஒரு நொதி முடுக்கிவிடப்படுகிறது. அர்ஜினின் என்கிற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு அது நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. பிறந்த வாயு, வெளிப்பக்கம் சுற்றியிருக்கிற தசைக்குள் நுழைந்து, 'விடு' என்று சொல்கிறது. தசை இறுக்கத்தை விடுகிறது, குழாய் விரிகிறது, ரத்தம் தாராளமாகப் போகிறது. ரத்தத்தின் பக்கமும் இந்த வாயுவுக்கு வேலை உண்டு. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும். மாரடைப்பு என்பது பெரும்பாலும் கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்வதுதான். அதனால் இந்த இரண்டாவது வேலை முதலாவதைவிடக் குறைந்ததில்லை.

இதை வெளியிலிருந்தே பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1992-இல் லண்டனில் செலர்மேயர், டீன்ஃபீல்ட் குழுவினர் செய்து காட்டினார்கள். பி.பி. பார்க்கிற பட்டையைக் கையில் கட்டி, சுமார் 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்து, சட்டென்று விட்டுவிட வேண்டும். ரத்தம் பாய்ந்து வரும். நல்ல குழாய் என்றால் அந்தப் பாய்ச்சலுக்கு ஈடுகொடுத்து விரியும். அல்ட்ராசவுண்டில் அதை அளந்துவிடலாம். புகை பிடிக்கிறவர்களிடமும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறியிருந்த குழந்தைகளிடமும் அந்த விரிவு குறைந்திருந்தது. நெஞ்சுவலி என்ற பேச்சே வராத வயதில், குழாய் அடைப்பதற்குப் பல வருடம் முன்பே, உள்படலம் சோர்ந்துபோயிருந்தது.

நோய் வந்த இதயத்தில்

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி: "எனக்கு ஏற்கெனவே அடைப்பு இருக்கு. எனக்கும் அது சுரக்குமா?"

உடற்பயிற்சியையும் நைட்ரிக் ஆக்சைடையும் பற்றிய ஆராய்ச்சிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சிதான். ரைனர் ஹாம்ப்ரெக்ட் என்ற மருத்துவரின் குழு செய்தது.

முதலில் பின்னணி. அடைப்பு வந்த இதய ரத்தக்குழாயில் அசிட்டைல்கோலினைச் செலுத்தினால் அது விரிவதற்குப் பதிலாகச் சுருங்குகிறது என்று 1986-இலேயே தெரிந்துவிட்டது. ஃபர்ச்காட்டின் சுரண்டிய பட்டை மாதிரியே. சர்க்கரை, புகை, பி.பி., கெட்ட கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து உள்படலத்தைக் கெடுத்து வைத்திருக்கும். அங்கே உண்டாகிற சூப்பராக்சைடு என்கிற வினைமிக்க ஆக்சிஜன், பிறந்த நைட்ரிக் ஆக்சைடையும் அந்த இடத்திலேயே தின்றுவிடும். ஆக, தயாரிப்பும் குறைவு, தயாரித்ததும் மிஞ்சுவதில்லை.

லைப்சிக் குழு இப்படிச் சுருங்குகிற குழாய்கள் உள்ள 19 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் நான்கு வாரம் தினமும் சைக்கிள் மிதித்தார்கள், துடுப்பு இயந்திரத்தை இழுத்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் இருந்தார்கள். நான்கு வாரம் கழித்து அதே மருந்தைச் செலுத்திப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களின் குழாய் சுருங்குவது 54 சதவீதம் குறைந்திருந்தது. இது 2000-இல் வெளிவந்தது.

சரி, காரணம் நைட்ரிக் ஆக்சைடுதானா? பைபாஸ் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே நான்கு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். அறுவையின்போது மார்புச் சுவரின் உள்பக்கத்து ரத்தக்குழாயில் சிறு துண்டை எடுத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி செய்தவர்களிடம் நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிற அந்த நொதியின் அளவு சுமார் இரண்டு மடங்கு. அதில் முடுக்கிவிடப்பட்ட நிலையில் இருந்தது சுமார் நான்கு மடங்கு. 2003-இல் வெளிவந்த இந்த ஆய்வோடு அனுமானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மருந்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். மாத்திரையிலிருந்து வருகிற வாயுவுக்கு உடம்பு பழகி மரத்துப்போகும். நடைக்கோ உடம்பு எதிர்ப்பக்கமாகப் பழகுகிறது. அடுத்த தடவை இன்னும் கூடுதலாகச் சுரக்கத் தயாராகிறது.

மூன்றாவது ஆய்வு 2004-இல். நிலையான நெஞ்சுவலி உள்ள 101 ஆண்கள். ஒரு சாராருக்கு ஸ்டென்ட். இன்னொரு சாராருக்கு ஸ்டென்ட் கிடையாது. வீட்டில் தினமும் 20 நிமிடம் சைக்கிள். ஒரு வருட முடிவில் பெரிய இதயச் சிக்கல் எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் சைக்கிள் பக்கம் 88 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 70 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டென்ட் வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எண்ணிக்கை சின்னது, எல்லாரும் ஆண்கள், அவசரமில்லாத நோயாளிகள். மாரடைப்பு வந்து கிடக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் பேச்சே இல்லை. ஸ்டென்ட் அடைபட்ட ஓர் இடத்தைத் திறக்கிறது, மிதித்த சைக்கிள் எல்லாக் குழாய்களின் உள்படலத்தையும் தொட்டுவிட்டு வருகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சேமிப்புக் கணக்கு கிடையாது

ஆயுள் சில நொடிகள் என்று முதலில் சொன்னேன். அதன் விளைவு இங்கே தெரியும். இந்த வாயு தினக்கூலி மாதிரி. அன்றைக்கு உழைத்தால் அன்றைக்கு உண்டு, பாங்க்கில் போட்டு வைக்க முடியாது. கூடுதலாகச் சேர்ந்த நொதிகூட, பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். கல்லூரியில் கபடி ஆடினேன், ஓட்டத்தில் கப் வாங்கினேன் என்பதெல்லாம் இன்றைய ரத்தக்குழாய்க்குத் தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை மூன்று மணி நேரம் அசையாமல் நாற்காலியில் உட்கார வைத்துத் தொடையின் ரத்தக்குழாயை அளந்தார்கள். விரியும் திறன் மளமளவென்று இறங்கியது. இன்னொரு நாள், அதே மூன்று மணி நேரத்தில் மணிக்கு ஒரு தடவை 5 நிமிடம் மெதுவாக நடக்க விட்டார்கள். இறங்கவில்லை. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இப்படி. காலையில் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, பிறகு எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாதவர்கள் இதை யோசிக்க வேண்டும். டீ குடிக்கவாவது எழுந்து போய்விட்டு வாருங்கள்.

அப்போ டப்பா?

டப்பாவின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் அர்ஜினின் என்றோ சிட்ருலின் என்றோ இருக்கும். நொதிக்கு அர்ஜினின்தான் மூலப்பொருள், அதை அதிகம் கொடுத்தால் வாயுவும் அதிகம் வரும் என்பது கணக்கு. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் நொதிக்குத் தேவையான அளவைவிட அதிகமாகவே அர்ஜினின் ஏற்கெனவே இருக்கிறது. வாய் வழியாகச் சாப்பிடுவதில் பெரும்பங்கைக் குடலும் ஈரலும் உடைத்துவிடும்.

இதய நோயாளிகளுக்கு இது விளையாட்டில்லை. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு அர்ஜினின் கொடுத்தால் குழாய்கள் மிருதுவாகுமா என்று அமெரிக்காவில் 153 பேரிடம் சோதித்தார்கள். குழாய்கள் மிருதுவாகவில்லை. அர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2006-இல் இது வெளிவந்தது. அக்கா மகனுக்கு இருபது வயது, அவனுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அந்த டப்பா அலமாரியில் இருக்கிற வீட்டில்தான் பெரியப்பாவும் இருக்கிறார்.

சமையலறையில் இதைவிட நேர்மையான ஒரு வழி இருக்கிறது. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் நைட்ரேட் நிறைய. சாப்பிட்டதும் அது ரத்தத்தில் கலந்து, கால்வாசி உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது. நாக்கின் பின்பக்கம் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கிய பிறகு அது நைட்ரிக் ஆக்சைடாகிறது. 2008-இல் லண்டனில் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. உமிழ்நீரை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருக்கச் சொன்னபோது அந்தப் பலன் காணாமல் போனது. பி.பி. உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் 250 மில்லி கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் சுமார் 8 புள்ளி குறைந்தது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் பீட்ரூட்டையும் பசலைக்கீரையையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டிலும் ஆக்சலேட் அதிகம்.

அந்த நாக்கு பாக்டீரியாக்கள் உடற்பயிற்சிக் கதையிலும் வருகின்றன. 2019-இல் 23 பேரை 30 நிமிடம் டிரெட்மில்லில் ஓடவிட்டு, பிறகு ஒரு தடவை கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளிக்க வைத்தார்கள், இன்னொரு தடவை வெறும் புதினாச் சுவைத் தண்ணீரால். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தண்ணீரில் கொப்பளித்தபோது மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி இறங்கியிருந்தது. மவுத்வாஷில் கொப்பளித்தபோது 2 புள்ளிதான். பயிற்சியில் உண்டான நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாக மாறிய பிறகும், வாய்க்குள் சுற்றி வந்து இரண்டாம் தடவை வேலை செய்கிறது. பல் டாக்டர் சொன்னால் மவுத்வாஷ் போடுங்கள். வாசனைக்காகத் தினமும் போடுகிறவர்கள் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள்.

செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. மிதமான என்றால், நடந்துகொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிற நடையில் ரத்தம் அந்த அளவுக்குச் சுவரை இழுக்காது.

சில எச்சரிக்கைகள். நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையோடு, ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கிற சில்டெனஃபில் வகை மாத்திரையைச் சேர்க்கவே கூடாது. முன்னது வாயுவைக் கொடுக்கிறது, பின்னது அந்த வாயுவின் சேதி அழியாமல் பிடித்து வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ அங்கேயே நில்லுங்கள். பீட்ரூட் சாப்பிடுகிறேன், நடக்கிறேன் என்று சொல்லி இருக்கிற மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

லைப்சிக்கில் அவர்கள் செய்த ஒரு விஷயம் எனக்கு அந்த சதவீதங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பயிற்சியை மருந்து மாதிரி அளவு போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை நிமிடம், இத்தனை தடவை, நாடித்துடிப்பு இதுவரை போகலாம். நமக்கு இங்கே சீட்டில் மாத்திரைக்கெல்லாம் காலை, மதியம், இரவு என்று புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு, கடைசி வரியில் வெறுமனே 'வாக்கிங்' என்று எழுதி விடுகிறார்கள். அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: டாக்டர், தினமும் எத்தனை நிமிடம்? நாடி எதுவரை ஏறலாம்? எது வந்தால் நிறுத்த வேண்டும்? அவருக்கு உங்கள் இதயம் தெரியும், பதிலும் தெரியும். அதைச் சீட்டில் எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.